பெப்டைடின் எம்.ஐ.சி. (கிருமி வளர்றதை நிறுத்துற குறைஞ்சபட்ச அளவு) ஒரு வாரம் 4, மறுவாரம் 32. சவ்வைத்தான் துளைக்குதுன்னு எப்படி உறுதி பண்ணுவது?

பாளை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு, பாக்டீரியாவைக் கொல்ல, 12 அமினோ அமிலம் உள்ள ஒரு பெப்டைடு (சின்னப் புரதத் துணுக்கு) வச்சிருக்கோம். லைசின் 5, டிரிப்டோஃபான் 4, லியூசின் 3, வால்முனை அமைடு. வெளியே செய்யச் சொல்லி வாங்கின பொடி, ஹெச்.பி.எல்.சி. தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்னு சான்று இருக்கு. மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் வரைக்கும் இதைக் கொண்டுபோகணும்ங்கிறது நோக்கம்.

சிக்கல் முதல் படியிலேயே வந்துட்டு. ஈ. கோலை ஏ.டி.சி.சி. 25922-க்கு (தரச் சோதனைக்கு வைக்கிற நிலையான வகை) எம்.ஐ.சி. ஒரு வாரம் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம், மறுவாரம் 32, அதுக்கடுத்து 16. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 29213-க்கு மட்டும் 8, 8, 16னு ஓரளவு நிக்குது. சாதாரண 96 குழித் தட்டு, சாதா முல்லர்-ஹின்டன் பிராத், ஆர்.ஓ. தண்ணி.

சிவப்பணுச் சோதனையில 64 மைக்ரோகிராம்ல 8 சதவீதம்தான் உடைஞ்சிருக்கு. ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்கிற பொருள்) குழாயில எடுத்த ரத்தம், ஒரு தடவை கழுவினது. ப்ரோபிடியம் அயோடைடு (சவ்வு உடைஞ்ச செல்லுக்குள்ள போய் ஒளிர்ற சாயம்) போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பாக்டீரியா நல்லா ஒளிருது.

எந்த எண்ணை நம்புவது? ஒளிர்வதை வச்சு 'சவ்வைத் துளைக்கிறது'ன்னு ஆய்வேட்டுல எழுதலாமா? கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா ஒண்ணு கிடைக்கும் போலிருக்கு. அதுக்கு டிஸ்க் (மருந்து தோய்ச்ச காகித வட்டு) வச்ச முடிவு மட்டும் கையில இருக்கு, வட்டம் 11 மி.மீ. அது போதுமா? அடுத்த தடவைக்கு மேலப்பாளையத்துல ஆட்டு ரத்தம் வாங்கிக்கிடலாமான்னும் ஒரு யோசனை.

முக்கூடல் அண்ணாச்சி:

தங்கச்சி, நாலா கேட்டிருந்தாலும் அடியில இருக்கது ஒரே விஷயம். லைசின் அஞ்சும் தலைமுனையும் சேர்த்து உங்க பெப்டைடுக்கு நேர்மின்சுமை ஆறு. எதிர்மின்சுமை எங்கன இருந்தாலும் போய் ஒட்டிக்கிடும். பாக்டீரியாவோட மேற்பரப்பு எதிர்மின்சுமை, அதனாலதான் இது மருந்து. தட்டோட பிளாஸ்டிக்கும் அப்படித்தான், ஹெப்பாரினும் அப்படித்தான். பாக்டீரியாவைத் தொடுறதுக்கு முன்னாடி வழியில எவ்வளவு ஒட்டிப்போச்சுன்னு தெரியாம எம்.ஐ.சி. எழுதக் கூடாது.

முதல்ல பொடியோட எடையைப் பாருங்க. பெப்டைடின் மூலக்கூறு எடை சுமார் 1,742. வாங்கின பொடி பெரும்பாலும் ட்ரைஃபுளூரோஅசெட்டிக் அமில உப்பாத்தான் வரும். மின்சுமை ஆறுக்கு அமிலம் ஆறு, ஒண்ணுக்கு 114, ஆக 684 கூடுது. 2,426-ல 1,742ன்னா 72 சதவீதம். 10 மில்லிகிராம் நிறுத்தா அதுல பெப்டைடு 7.2 மில்லிகிராம்தான், ஈரம் ஏறியிருந்தா அதுக்கும் கீழ. சான்றுல இருக்க 95, வேற பெப்டைடு துணுக்கு கலக்கலைங்கிறதுக்கு மட்டும். உப்பும் ஈரமும் அந்த எண்ணுல தெரியாது.

உங்ககிட்ட டிரிப்டோஃபான் நாலு இருக்கது பெரிய வசதி. 280 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சும் கெழு ஒண்ணுக்கு 5,500ன்னு வச்சா மொத்தம் 22,000. மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் நிஜப் பெப்டைடு இருந்தா 1 செ.மீ. குவெட்டுல 0.63 காட்டணும். 0.45 பக்கம் காட்டினா உப்பையும் சேர்த்து நிறுத்திருக்கீங்க. ஸ்டாக் (செறிவான மூலக் கரைசல்) கரைக்கும்போதெல்லாம் இந்த ஒரு அளவை எடுத்துட்டு அப்புறம் தட்டுல இறங்குங்க. அமிலத்தையே போக்கணும்னா 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல மி.லி.க்கு 1 மி.கி. கரைச்சு, உறைய வச்சு, ஃப்ரீஸ் டிரையர்ல காய வையுங்க. இதே மாதிரி ரெண்டு மூணு தடவை. அசெட்டிக் அமிலம் அந்த வேலையைச் செய்யாது, அதைவிட ட்ரைஃபுளூரோ வலுவான அமிலம். மனுஷ செல்லுல சோதனை போடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சே ஆகணும்.

அடுத்தது தட்டு. பாலிஸ்டைரீன் தட்டை விட்டுட்டு பாலிபுரோப்பிலீனுக்கு மாறுங்க. குறிப்பா செல் வளர்க்கப் பதப்படுத்தின பாலிஸ்டைரீன் வேண்டவே வேண்டாம், அதுல மேற்பரப்பையே எதிர்மின்சுமையா ஆக்கி வச்சிருப்பாங்க. நீர்க்கிறதும் பாலிபுரோப்பிலீன் குழாயிலதான். 0.01 சதவீத அசெட்டிக் அமிலத்துல 0.2 சதவீத மாட்டு சீரம் ஆல்புமின் கலந்த கரைசல்ல பெப்டைடை 10 மடங்கு செறிவா வரிசை போட்டு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா, 11 மைக்ரோலிட்டர் பெப்டைடு. தட்டுக்குள்ளேயே குழிக்குக் குழி மாத்தி நீர்த்தா ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சம் சுவத்துல ஒட்டும். கடைசிக் குழிகள்ல இருக்கது நீங்க எழுதின அளவே இல்லை.

இப்ப உங்க எண்களையே பாருங்க. பிளாஸ்டிக்கோ எடையோ மட்டும் காரணம்னா ஸ்டஃபைலோகாக்கஸும் கூடவே ஆடியிருக்கணும். அது நிக்குது, ஈ. கோலை மட்டும் எட்டு மடங்கு ஆடுது. ரெண்டுக்கும் வித்தியாசம் வெளிச்சவ்வு. ஈ. கோலையோட வெளிச்சவ்வுல லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது) மூலக்கூறுகளைப் பக்கத்துல பக்கத்துல கட்டி வச்சிருக்கது மக்னீசியமும் கால்சியமும். உங்க பெப்டைடு உள்ள நுழையணும்னா அந்த ரெண்டையும் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காரணும். பிராத்துல அவை கூடினா எம்.ஐ.சி. ஏறும், குறைஞ்சா இறங்கும். சாதா முல்லர்-ஹின்டன்ல இந்த அளவு டப்பாவுக்கு டப்பா மாறும். என் சந்தேகமெல்லாம் அங்கனதான்.

வேண்டியது கால்சியம் லிட்டருக்கு 20 முதல் 25 மி.கி., மக்னீசியம் 10 முதல் 12.5 மி.கி. திருத்தின பிராத்தே விலைக்குக் கிடைக்கு. நீங்களே திருத்துறதா இருந்தா, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.68 கிராம் 100 மி.லி.யில, மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.36 கிராம் 100 மி.லி.யில. ரெண்டுலயும் மி.லி.க்கு 10 மி.கி. அயனி இருக்கும். வடிகட்டி, ஆட்டோகிளேவ் பண்ணி ஆற வச்ச பிராத்துல, குறையுற ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் லிட்டருக்கு 0.1 மி.லி. சேருங்க. சூட்டோட ஊத்தினா கால்சியம் கலங்கிப் படிஞ்சிரும். சரியா வந்துட்டான்னு பார்க்க சூடோமோனாஸ் 27853-ஐ ஜென்டாமைசின்ல போடுங்க, எம்.ஐ.சி. 0.5-க்கும் 2-க்கும் நடுவுல நிக்கணும்.

பாக்டீரியா எண்ணிக்கையையும் விட்டுறாதீங்க. 0.5 மெக்ஃபார்லண்டை (கலங்கலை வச்சு பாக்டீரியா அளவைச் சொல்ற தர அளவு) 200-ல் ஒரு பங்கா நீர்த்தா மி.லி.க்கு 5 லட்சம். கலந்த உடனே மருந்து இல்லாத குழியில இருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. சலைன்ல விட்டு, அதுல 100 மைக்ரோலிட்டரை அகார்ல பரப்புங்க. மறுநாள் 50 காலனி பக்கம் வரணும். 200 வந்துதுன்னா அன்னைக்கு எடுத்த எம்.ஐ.சி.யைத் தூக்கிப் போடுங்க. நம்ம ஊர் கத்திரி வெயில்ல இன்குபேட்டர் பொட்டியும் அறையும் காய்ஞ்சு கிடக்கும், ஓரக் குழிகள் வத்திப்போகும். ஓர வரிசைகள்ல வெறும் தண்ணி விட்டுட்டு, ஈரத் துணி வச்ச டப்பாவுக்குள்ள தட்டை வையுங்க.

தென்காசி மைக்ரோ:

அண்ணாச்சி சொன்னதோட ஒத்துப்போறேன், ஒண்ணைத் தவிர. ஆல்புமின் சேர்த்த முறையில மட்டும் எண் எடுத்தா கொலிஸ்டினோட ஒப்பிட முடியாது. கொலிஸ்டினுக்கு 2016-ல் அமெரிக்க, ஐரோப்பியக் குழுக்கள் சேர்ந்து சொன்ன முறை: பதப்படுத்தாத பாலிஸ்டைரீன் தட்டு, திருத்தின பிராத், சல்ஃபேட் உப்பு, வேறெந்தச் சேர்மானமும் கிடையாது. அதனால உங்க பெப்டைடை ரெண்டு விதமாவும் போடுங்கம்மா, ரெண்டு எண்ணையும் எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல நாலு மடங்குக்கு மேல இடைவெளி இருந்தா அதுவே ஒரு முடிவு.

டிஸ்க் போதாது. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகார்ல சரியாப் பரவாது. அடங்குற கிருமிக்கும் அடங்காத கிருமிக்கும் வட்டத்துல வித்தியாசம் ஓரிரு மி.மீ.தான் இருக்கும். 11 மி.மீ.ங்கிறதை வச்சு எந்தப் பக்கமும் பேச முடியாது. நீர்ம முறையில மைக்ரோடைல்யூஷன் போடுங்க. ஊசி மருந்தா வர்ற கொலிஸ்டிமெத்தேட்டை எடுத்துறக் கூடாது. அது உடம்புல போய் மாறின பிறகுதான் கொலிஸ்டின் ஆகும், தட்டுல பொய்யா எதிர்ப்பு காட்டும். கூடவே ஈ. கோலை 25922-ம் (0.25 முதல் 2 வரை), கொலிஸ்டின் எதிர்ப்பைத் தர்ற எம்.சி.ஆர்-1 மரபணு உள்ள என்.சி.டி.சி. 13846-ம் (4 பக்கம்) போகணும். அமெரிக்க முறைப்படி கிளெப்சியெல்லாவுக்கு 4-ம் அதுக்கு மேலும் எதிர்ப்பு, 2-ம் அதுக்குக் கீழும் இடைநிலை. 'அடங்குகிறது'ங்கிற வகையையே 2020-ல் எடுத்துட்டாங்க.

கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமி உங்களுக்கு ஏன் முக்கியம்னா, அது தப்பிக்கிற வழியே உங்க பெப்டைடு நுழையுற வழியை அடைக்கிறதுதான். லிப்பிட் ஏ-யில (லிப்போபாலிசாக்கரைடோட கொழுப்புப் பகுதி) இருக்க பாஸ்பேட்டு மேல பாஸ்போஎத்தனாலமைனையோ அமினோ அராபினோஸையோ ஒட்டி, எதிர்மின்சுமையைக் குறைச்சிரும். கிளெப்சியெல்லாவுல எம்.ஜி.ஆர்.பி. மரபணு கெட்டுப்போறது இதுக்கு ரொம்பப் பழகின காரணம். பிளாஸ்மிட்ல ஏறி ஊர் மாறுற எம்.சி.ஆர்-1 2015 நவம்பர்ல சீனாவுல இருந்து வெளிவந்தது. கோழி, கால்நடைக்குக் கொலிஸ்டின் கொடுக்கிறதை இந்தியா 2019 ஜூலையில தடை பண்ணினதுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். உங்க எம்.ஐ.சி. அடங்குற கிருமியில 4, அடங்காததுல 32ன்னு வந்தா, எந்த நோயாளிக்காக ஆரம்பிச்சீங்களோ அவருக்கு இது உதவாது. இந்தச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீங்க.

ஆஸ்பத்திரிக் கிருமியை வாங்குறதுக்கு முன்னாடி நெறிமுறைக் குழு அனுமதியும் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதியும் கையில இருக்கணும். இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறை, உள்ள உயிர்ப்பாதுகாப்பு கேபினட். தட்டு, டிப், பிராத் எல்லாம் 121 டிகிரியில 30 நிமிஷம் ஆட்டோகிளேவ் ஆகித்தான் வெளியே வரணும். சிங்க்குல ஊத்துற எதுவும் கடைசியில ஆத்துப் பக்கம்தான் போகுது.

ரத்தம்: ஹெப்பாரின் எதிர்மின்சுமை நிறைஞ்ச சங்கிலி. ஒரு தடவை கழுவினதுல மிச்சம் நின்னிருக்கும், பெப்டைடைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த 8 சதவீதம் உண்மையை விடக் குறைவா இருக்கவே வாய்ப்பு. ஈ.டி.டி.ஏ. அல்லது சிட்ரேட் குழாயில எடுத்து, பாஸ்பேட் சலைன்ல 1,000 ஜி, 5 நிமிஷம், மேல்நீர் தெளிவாகுற வரைக்கும் குறைஞ்சது மூணு தடவை கழுவுங்க. 4 சதவீத அணுக் கரைசல் 100 மைக்ரோலிட்டரோட பெப்டைடு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, ஒரு மணி நேரம். சுழற்றி, மேல்நீரை வேற தட்டுக்கு மாத்தி 540 நானோமீட்டர்ல படிங்க. முழுசா உடைஞ்சதுக்கு ட்ரைட்டன் எக்ஸ்-100, உடையாததுக்கு வெறும் சலைன். அணு எத்தனை சதவீதம்னு முடிவோட எழுதணும். கலந்த பிறகு கடைசியா நிக்குற 2 சதவீதம்னாலே மி.லி.க்கு சுமார் 20 கோடி அணு, எம்.ஐ.சி. குழியில பாக்டீரியா 5 லட்சம்தான். அணுவை 0.5 சதவீதமாக் குறைச்சா அதே பெப்டைடு இன்னும் கடுமையா உடைக்கும்.

மேலப்பாளையம் ஆட்டு ரத்தம் இந்த வேலைக்கு ஆகாது. செம்மறி, வெள்ளாட்டுச் சிவப்பணுச் சவ்வுல பாஸ்ஃபடிடைல்கோலின் கிட்டத்தட்ட இல்லை, ஸ்பிங்கோமைலின்தான் நிறைய. மனுஷ அணு அப்படியில்லை. ஆட்டு அணு தாங்கினதை வச்சு மனுஷனுக்குப் பாதுகாப்புன்னு எழுத முடியாது. மனுஷ ரத்தமே எடுங்க, அதுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேணும்.

கல்லிடை வேதி:

ஒளிர்வு பற்றி மட்டும் எழுதுகிறேன். ப்ரோபிடியம் அயோடைடு உள்ளே போனது என்றால் சவ்வு உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெப்டைடு உடைத்ததா, வேறு காரணத்தால் செத்த பிறகு உடைந்ததா என்பது ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெரியாது. முதல் நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை தொடர்ந்து அளக்க வேண்டும். பக்கத்தில் சிப்ரோஃப்ளாக்ஸசின் போட்ட குழி இருக்கட்டும். அது கொல்லும், ஆனால் அந்த நேரத்துக்குள் சவ்வைத் திறக்காது. பெப்டைடு குழி 5 நிமிடத்தில் ஏறி, சிப்ரோ குழி தட்டையாக நின்றால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சாயச் சோதனைக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவு கலங்கல் வேண்டும், அதாவது மி.லி.க்குக் கோடிக்கணக்கில் பாக்டீரியா. எம்.ஐ.சி. எடுத்தது 5 லட்சத்தில். 'இரண்டு மடங்கு எம்.ஐ.சி.' என்று எழுதிப் போடும் அளவு, அந்தக் கூட்டத்தில் ஆளுக்குப் பங்கு வராத அளவாக இருக்கலாம். சாயச் சோதனையில் வைக்கும் அதே அடர்த்தியில், அதே தாங்கல் கரைசலில், எவ்வளவு பெப்டைடு கொல்கிறது என்று காலனி எண்ணிப் பார்த்து, அந்த அளவை வைத்துச் செய்யுங்கள்.

வெளிச்சவ்வுக்கு என்.பி.என். சாயம், கடைசிச் செறிவு 10 மைக்ரோமோலார், 5 மில்லிமோலார் ஹெப்பெஸ், 5 மில்லிமோலார் குளுக்கோஸ், தூண்டல் 350, உமிழ்வு 420 நானோமீட்டர். நூறு சதவீத ஒளிர்வுக்கு ஒப்பீடாகப் பாலிமிக்சின் பி (கொலிஸ்டினின் உறவு மருந்து). சாயத்தின் ஸ்டாக் அசிட்டோனில் இருக்கும். நம் ஊர் அறை வெப்பத்தில் மூடியைத் திறந்து வைத்தால் அசிட்டோன் பறந்து, மதியத்துக்குள் செறிவு ஏறிவிடும்; ஐஸில் வைத்து, எடுத்தவுடன் மூடுங்கள். பாக்டீரியா இல்லாமல் பெப்டைடும் சாயமும் மட்டும் போட்ட குழி கட்டாயம் வேண்டும். டிரிப்டோஃபான் நிறைந்த பெப்டைடுகள் தமக்குள் திரண்டால் சாயம் அந்தத் திரளுக்குள் நுழைந்து ஒளிரும், பாக்டீரியாவே தேவைப்படாது. அதே சோதனையை மக்னீசியம் சேர்த்து ஒருமுறை செய்து, ஒளிர்வு குறைந்தால் அண்ணாச்சி சொன்ன அயனிப் போட்டி உண்மையென்று உங்கள் கையிலேயே தெரியும்.

உட்சவ்வின் மின்னழுத்தத்துக்கு டிஸ்க்-3-5 என்ற சாயம். சாயம் உயிருள்ள செல்லுக்குள் குவிந்து தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் போனால் வெளியே வந்து ஒளிரும். தூண்டல் 622, உமிழ்வு 670. ஸ்டஃபைலோகாக்கஸில் முதலில் செய்யுங்கள், மின்னழுத்தத்தைப் போக்கும் கிராமிசிடினை ஒப்பீடாக வைத்து. ஈ. கோலையில் வெளிச்சவ்வு சாயத்தையே தடுக்கும்; 0.2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. (மக்னீசியத்தையும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும் பொருள்) தேவைப்படும், அதுவே வெளிச்சவ்வைத் தளர்த்துகிறது என்பதால் முடிவை அடக்கமாகவே எழுத வேண்டும். ஒளிர்வு தணிந்து நிலைத்த பிறகே பெப்டைடு சேர்க்கலாம்.

இன்னொரு சான்று, காசு செலவாகும் ஆனால் வலுவானது: அதே வரிசையை முழுக்க டி-வடிவ (வழக்கமானவற்றின் கண்ணாடிப் பிம்பமான) அமினோ அமிலங்களால் செய்து வாங்குங்கள். புரதமொன்று ஏற்பியாக இருந்தால் கண்ணாடிப் பிம்பம் பொருந்தாது. எம்.ஐ.சி. மாறாமல் இருந்தால் இலக்கு கொழுப்புச் சவ்வு என்பதற்கு அது நல்ல ஆதாரம். டிரிப்சின் லைசினுக்குப் பின்னால் வெட்டும் தொல்லையும் அதில் இல்லை. முழுச் செலவு கட்டாதென்றால் லைசின் ஐந்தை மட்டும் டி-வடிவமாக்கிப் பாருங்கள்.

வடிவமைப்பில் என் கருத்து: 12-ல் 7 கொழுப்பு விரும்பி என்பது அதிகம். சிவப்பணுவுக்கு வெளிப்புறம் எதிர்மின்சுமை குறைவு, கொலஸ்ட்ரால் உண்டு. மின்சுமை அதைத் தேடிப் போகாது, கொழுப்புப் பற்றுதான் போகும். நடுவிலுள்ள ஒரு டிரிப்டோஃபானை லைசினாக மாற்றிய உடன்பிறப்பையும் சேர்த்துச் சோதியுங்கள். பாதிச் சிவப்பணு உடையும் அளவை எம்.ஐ.சி.யால் வகுத்து வரும் எண்தான் இரண்டில் எது முன்னே போகும் என்று தீர்மானிக்கும்.

இந்த வழியில் போன மருந்துகள் தடுக்கி விழுந்த இடங்களும் ஒட்டும் குணத்தால் வந்தவையே. பாக்டீரியச் சவ்வைத் தாக்கும் டாப்டோமைசின் 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நுரையீரலில் சர்ஃபக்டன்ட் (உள்பரப்பைப் பூசியிருக்கும் கொழுப்புப் பொருள்) அதைப் பிடித்துக்கொள்வதால் நிமோனியாவுக்கு ஆகாது. பாலிமிக்சின்களைச் சிறுநீரகக் குழல் செல்கள் உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. வெளிச்சவ்வைக் கட்டும் எல்.பி.டி.டி. புரதத்தைக் குறிவைத்த முரெபவாடின் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2019-ல் நின்றதும் சிறுநீரகப் பாதிப்பால்தான். ஆகவே சிவப்பணுவோடு நிறுத்தாமல் மனிதச் சிறுநீரகச் செல்லிலும், 50 சதவீத மனித சீரத்திலும் ஒருமுறை பாருங்கள். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் சீரமே ஈ. கோலையைக் கொன்று கணக்கைக் கெடுக்கும்.

பாளை மாணவி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா, சார். ஸ்டாக்கைப் பொடி எடைக்கு 50 மைக்ரோகிராமா நீர்த்து இன்னைக்கு 280-ல பார்த்தேன்: 0.46. அப்ப பழைய எம்.ஐ.சி. எல்லாத்தையும் 0.73-ஆல பெருக்கி எழுதிக்கிடலாமா? கூடப் படிக்கிற ஒருத்தர், செயற்கைப் பெப்டைடை விட்டுட்டு பாபநாசம் மேல இருக்க தவளைகளோட தோல்ல இருந்து எடுக்கலாம்ங்கார். 1987-ல் ஆப்பிரிக்கத் தவளையில மகைனின் கிடைச்ச மாதிரி ஏதாவது வருமாம்.

தென்காசி மைக்ரோ:

பாபநாசம் மேல இருக்கது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை எழுத்து அனுமதி இல்லாம ஒரு தவளையைக் கையில எடுக்கக் கூடாது. யோசனை தப்பில்லை; கேரளத் தவளையில இருந்து உருமின்னு ஒரு பெப்டைடு 2017-ல் வெளிவந்தது, அது ஃப்ளூ வைரஸுக்கு. ஆனா ஒரு முதுகலைப் புராஜெக்ட்டோட கால அளவுல அனுமதியே வந்து சேராது. வெளிவந்த வரிசையைப் பார்த்துச் செயற்கையா செஞ்சு வாங்கினா தவளையைத் தொடவே வேண்டாம். மகைனின்ல இருந்து வந்த பெக்ஸிகனான் களிம்பும் 1999-ல் அமெரிக்காவுல அனுமதி கிடைக்காம நின்னுபோச்சுங்கிறதை அவருக்குச் சொல்லுங்க.

முக்கூடல் அண்ணாச்சி:

பெருக்காதீங்க தங்கச்சி. 0.73 எடைப் பிழையை மட்டும்தான் சரிபண்ணும். அந்த மூணு வாரத்துப் பிராத்துல கால்சியம் எவ்வளவு இருந்துச்சு, பிளாஸ்டிக் எவ்வளவு குடிச்சுதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. பழைய எண்களை நோட்டுல அப்படியே விட்டு, பக்கத்துல காரணம் எழுதி வையுங்க. 0.46-ஐ வச்சு ஸ்டாக்கோட நிஜச் செறிவைத் திருத்தி, பாலிபுரோப்பிலீன் குழாயில சின்னச் சின்னப் பங்கா பிரிச்சு மைனஸ் 20-ல போடுங்க. ஒரு பங்கை ஒரு தடவைதான் உருக்கணும். அப்புறம் மூணு வேற வேற நாள், நாளுக்கு மூணு வரிசை, 25922-ம் 29213-ம் பக்கத்துல பக்கத்துல. மூணு நாளும் ஒரு படிக்குள்ள, அதாவது 4, 8, 4ன்னு வந்தா அந்த எண் உங்களோடது. அதுக்கு மேல ஆடினா சாயத்துக்குப் போகாம ஜென்டாமைசின் தட்டைத் திரும்பப் பாருங்க.